விரலில் இருந்த கருவாட்டு மணம்

கோயமுத்தூரை அடுத்த சித்தூரில் என் கருவாட்டுக் கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். எலித் தொல்லை பொறுக்காமல் சென்ற பனிக்காலத்தில் நெத்திலிக் கருவாட்டில் மருந்தைப் பிசறி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் பூனையையும் அதன் இரண்டு குட்டிகளையும் உள்ளறையில் அடைத்துவிட்டுத்தான் வைத்தேன். கதவின் கொண்டியைச் சரியாகப் போடவில்லை.

விடிந்தபோது குட்டிகள் இரண்டும் விறைத்துக் கிடந்தன. தாய் நுரை தள்ள வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. மிருக ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூன்று நாளில் எழுந்து நடந்தது.

அதன்பின் அது கருவாட்டைத் தொடவில்லை. நான் வைத்த எதையுமே தொடவில்லை. பால் ஊற்றினால் ஓடிவரும். கிண்ணத்தருகே என் விரல்களை மோந்ததும் உடல் ஒடுங்கிப் பின்வாங்கும். வாயில் எச்சில் ஒழுகும். அதே பாலைக் கடைப்பக்கமே வராத என் மனைவி ஊற்றினால் நக்கிக் குடிக்கும்.

“ஏனுங்க, யாரு வெச்சதுன்னு அதுக்குத் தெரியுமுங்க,” என்றாள் அவள்.

எலுமிச்சை, சீயக்காய் என்று எதையெதையோ போட்டுக் கையைத் தேய்த்தேன். முப்பது வருடமாக ஊறிய மணம் போகவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். “உங்க மேல கோவமில்லீங்க. கருவாட்டத் தின்னு நோவு வந்துச்சு. இனி அந்த மணம் பட்டாலே அதுக்கு வயித்தப் பெரட்டும். அது உங்க கையில இருக்குது, அவ்வளவுதான்,” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். கோபமாக இருந்திருந்தால் தேவலை, என்றாவது தணியும் என்று எனக்குத் தோன்றியது.

மகளின் பிரசவத்துக்காக மனைவி கோயமுத்தூர் போனாள். நான் வைத்த சோறு கிண்ணத்திலேயே காய்ந்தது. பூனைக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியதும் சாலைக்கு எதிர்ப்புறம் தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய் நின்றேன்.

“இங்கயே வந்து தின்னட்டுங்க, அதுக்கென்ன,” என்றார்.

அவர் மத்தியானம் வைத்த பால்சோற்றை அது மிச்சமில்லாமல் தின்றது. தினமும் அதற்காகச் சாலையைக் கடந்தது. கடையில் இருந்தபடி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறாம் நாள், முதலமடையிலிருந்து மாங்காய் ஏற்றி வந்த லாரி அதன்மேல் ஏறிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. என் கையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தது, முடியவில்லை.

அன்று மாலை மனைவி போன் செய்தாள். பேத்தி பிறந்திருப்பதைச் சொல்லிவிட்டு, “பூனை தின்னுச்சுங்களா?” என்று கேட்டாள்.

“தின்னுச்சு,” என்றேன். அவள் ஊர் திரும்பும்வரை தினமும் அதையே சொன்னேன்.