எங்கள் பள்ளியில் ரக்பி இருந்த காலம்

எங்கள் பள்ளியில் ரக்பி நான்கு வருடம் இருந்தது. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்பார்கள். ஆடியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய அரசுப் பள்ளி. சுற்றியிருக்கும் மீனவக் குப்பங்களின் பிள்ளைகளும், காட்டூர்ப் பக்கம் நெல் போடும் வீடுகளின் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தோம். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த பி.டி. மிஸ் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, முட்டை மாதிரி ஒரு பந்தோடு திரும்பினார். முதலில் பையன்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் விதி எதையும் காதில் வாங்காமல் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டதில் ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் அம்மா பள்ளி வாசலில் நின்று சத்தம் போட்டார். தலைமை ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அந்த வருடம் முழுக்கப் பந்து பீரோ மேலே கிடந்தது.

அடுத்த வருடம் மிஸ் பெண்களைக் கூப்பிட்டார். நான் அப்போது ஒன்பதாவது. அவர் எதையும் மறைத்துப் பேசவில்லை.

“மாவட்டத்துல பொண்ணுங்க டீம் இருக்கற ஸ்கூலே கொஞ்சம்தான். பிரமாதமா ஆடணும்னுகூட இல்ல. விடாம ஆடினா ஸ்டேட் வரைக்கும் போயிடலாம். சர்டிஃபிகேட் இருந்தா காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும்.”

அதற்காகத்தான் சேர்ந்தோம். ஆட ஆரம்பித்த பிறகு சர்டிஃபிகேட் நினைவே வரவில்லை. மைதானம் என்பது உப்பு பூத்த மண்ணும் நண்டு வளையும்தான். ஓரமெல்லாம் வேலிகாத்தான் முள். விழுந்தால் முழங்கால் எரியும். வீட்டில் குளிக்கும்போது அம்மா பார்த்துவிட்டுத் திட்டுவாள். மறுநாள் மறுபடியும் விழுவோம்.

ஏழு பேர் ஆடும் ஆட்டம் அது. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் தோளில் கைபோட்டுக் குனிந்து, தலையோடு தலை கொடுத்துத் தள்ள வேண்டும். இடையில் போடும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஸ்க்ரம் என்பார்கள். நடுவில் நின்று இழுப்பவள் நான். இடது பக்கம் காட்டூர்ப் பெண். வலது பக்கம் நின்றவள், முகத்துவாரத்துக்கு அந்தாண்டை இருக்கும் குப்பத்தைச் சேர்ந்தவள்.

அவளைப் போல ஒரு தோழி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் இரண்டு பேர் காதும் உரசி உரசிப் புண்ணாகியிருக்கும். குனிந்த நிலையிலேயே, எதிரில் இருப்பவளுக்குக் கேட்கும்படி, “இவ தலைல இன்னா எண்ணெய்டி இது, மீன் வறுத்ததா?” என்பாள். எதிரணிக்காரி சிரித்துவிடுவாள். சிரித்தால் கால் தளரும். பந்து எங்கள் பக்கம் வந்துவிடும்.

முதல் வருடம் எல்லா ஆட்டமும் தோற்றோம். அடுத்த வருடம் பாதி ஜெயித்தோம். நான் ப்ளஸ் ஒன் படித்தபோது மாவட்டத்தில் முதலாவதாக வந்தோம். மைக்கில் எங்கள் பள்ளிப் பெயரைச் சொன்னபோது மிஸ் அழுதார். மாநிலப் போட்டி மதுரையில் என்றார்கள். எங்களில் யாரும் மதுரையைப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏரியில் தகராறு வந்தது. எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஏரியில் முறை உண்டு. பாடு என்போம். முகத்துவாரம் மண்மூடி இறால் குறைந்துபோன வருடம் அது. பாடு யாருடையது என்று எங்கள் குப்பத்துக்கும் அவளுடைய குப்பத்துக்கும் சண்டை. முதலில் வலையை அறுத்தார்கள். யார் முதலில் அறுத்தது என்று கேட்டால் ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு பதில் வரும். பிறகு தண்ணீரிலேயே அடிதடி. துடுப்பால் அடித்ததில் என் சித்தப்பாவுக்கு ஒரு கண் போனது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவளுடைய அண்ணனும் இருந்தான்.

எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்து கூடி, அந்தக் குப்பத்தோடு யாரும் பேசக் கூடாது, பழகக் கூடாது, மீறுகிற வீட்டுக்குப் பாடு கிடையாது என்று முடிவு செய்தது. அங்கேயும் அதே முடிவுதான்.

மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“இவ இல்லாம டீம் இல்லீங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், மதுரைக்குப் போயிட்டு வந்துடுவோம்” என்றார் மிஸ்.

“அந்தூருப் பொண்ணு தோள் மேல கை போட்டுக்கினு இவ நிக்கறத எவனாச்சும் போன்ல போட்டான்னா, நான் ஏரில எறங்க முடியாது டீச்சரம்மா.”

“பக்கத்துல நிக்க வேணாம். இவள ஓரத்துல ஓட விட்டுடறேன்.”

“ரெண்டு பேரும் ஒரே சட்டதான போடுவாங்க?” என்றார் நைனா.

அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மிஸ் போனார்.

மறுநாள் பள்ளி வராந்தாவில் அவள் எதிரே வந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே மெதுவாகச் சொன்னாள்:

“ஒண்ணும் பேசாத. உங்க ஊரு பசங்க பாக்கறானுங்க.”

தாண்டிப் போய்விட்டாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

மிஸ் காட்டூர்ப் பக்கத்துப் பெண்களை மட்டும் வைத்து ஏழு பேரைத் தேற்றப் பார்த்தார். ஐந்துக்கு மேல் சேரவில்லை. மதுரைக்கு யாரும் போகவில்லை. கோடை விடுமுறையில் மிஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்த சாருக்கு ரக்பி தெரியாது. அண்ணனின் வழக்குக்கு அலைந்ததில் அவள் வீடு நொடித்தது. அவள் ப்ளஸ் டூவுக்கு வரவே இல்லை. எளாவூர் தாண்டி ஆந்திரப் பக்கம் ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று காட்டூர்ப் பெண்தான் சொன்னாள்.

அவள் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் சமாதானம் ஆகிவிட்டது. பொன்னேரி தாலுகா ஆபீஸில் இரண்டு பக்கமும் உட்கார வைத்துப் பேசினார்கள். பாடு இரண்டு குப்பத்துக்கும் மாற்றி மாற்றி வருவது என்று ஒப்புக்கொண்டார்கள். நைனா சிரித்த முகத்தோடு வந்து, “முடிஞ்சிது, இனிமே பிரச்சன இல்ல” என்றார். அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்ல முடியாது. சித்தப்பாவே ஒற்றைக் கண்ணோடு அவர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். எங்களிடம், போய் ஆடுங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் யாரோடு ஆடுவது?

எனக்குக் காலேஜ் கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் அவள் பிறந்த குப்பத்தில் ஒரு கல்யாணம். நைனா போய்ச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, “உன்கூட முட்டிக்கினு ஆடுமே ஒரு பொண்ணு, அது வந்துருந்துச்சு. அதான் எனக்கு எலைல சோறு போட்டுச்சு” என்றார்.

“இன்னா சொன்னா?”

“இன்னா சொல்லும்? இன்னும் கொஞ்சம் போட்டுக்க மாமான்னுச்சு.”

“என்னப் பத்தி கேட்டாளா?”

“கேக்கலயே” என்று பாயை விரித்துப் படுத்தார்.

என் நம்பரைக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. கொடுத்து, அவளும் போன் செய்திருந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஷிஃப்ட் பஸ் வரும் நேரமாகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.