ரேடியோ சொன்ன பேரு

"இதெல்லாம் ஒரு பந்தா? ஊதின பலூன்! எங்க காலத்துல மழை பேஞ்சா பந்து தண்ணியக் குடிச்சு செங்கல்லாட்டம் கனக்கும். நாங்க அதையும் தலையால முட்டினோம். இப்ப காத்தடிச்சா பறக்குது!"

சனிக்கிழமையானா கோல் வலைக்குப் பின்னால இருக்கிற பெஞ்சுலேர்ந்து இந்தக் குரல் வரும். லீபெர் தெச்சேரா. வயசு அறுபத்தாறு. அக்குள்ல சுடுதண்ணி பிளாஸ்க், கையில குழல் வச்சு உறிஞ்சுற மாத்தே டீ சுரைக்குடுக்கை. முட்டி ரெண்டும் மடங்காது, அதனால உக்காரமாட்டாரு, பெஞ்சு மேல தொப்புனு விழுவாரு.

ரொட்டிக்கடை வரிசையிலகூட நேரா நிக்கத் தெரியாது. ஒரு கால் முன்னால, தோளுக்கு மேல பின்னால ஒரு பார்வை. கொஞ்சம் இடம் கிடைச்சா பூந்துடுவாரு. "என்ன பெருசு, ஆஃப்சைடு!"னு நான் கத்துவேன். "கொடி தூக்குறவன் எங்கடா?"ம்பாரு.

எங்க பைசாண்டு ஊரு ஆத்தங்கரைச் சின்ன கிளப்புலேர்ந்து தலைநகரத்துக்குப் போனாரு. அப்புறம் சிலி, எக்குவடோர். பன்னெண்டு வருஷம், நூத்திப் பதினொரு கோல். முட்டி போனதும் திரும்பி வந்து, பள்ளிக்கூடத்து வாசல்ல மிட்டாயும் பேப்பரும் வித்தாரு. ஆனா ஊருக்கு அவர் யாருன்னா, அந்த முத கோலுதான்.

எழுபத்தெட்டு ஜூலை, எங்க பக்கம் அது குளிர்காலம். மாவட்ட இறுதி ஆட்டம், கடைசி நிமிஷம். ஆத்துப் பனி மூடிக்கிச்சு, எதிர்ப்பக்கத்துக் கம்பம்கூடத் தெரியல. சட்டை நம்பரெல்லாம் சேறு. எங்க ஊர்க்காரங்க மைதானத்துல உக்காந்தாலும் காதுல ரேடியோவ வச்சுக்குவாங்க, கண்ணை நம்பமாட்டாங்க. ரேடியோக்காரர் பனிக்குள்ள பார்த்துக் கத்தினாரு, "தெச்சேராாா! கோோோல்!" யாரு போட்டதுன்னு நடுவருக்கும் தெரியல. உடை மாத்துற ரூம்ல ரேடியோவக் கேட்டு அந்தப் பேரையே எழுதிட்டாரு. தலைநகரத்து கிளப் ஆளும் வீட்டுலேர்ந்து கேட்டுட்டு மறுவாரமே வந்து லீபெரக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

அந்த ரேடியோக் குரல் எனக்கு அச்சா வரும். கிளப் பொறந்தநாள் விருந்துல வருஷா வருஷம் அந்த கோலைச் சொல்லச் சொல்லி என்னை நாற்காலி மேல ஏத்திடுவாங்க. நான் பேரு கிட்ட வரும்போது லீபெர் எந்திரிச்சு அடுப்புக்குப் போயிடுவாரு, வெந்த கறியவே புரட்டிட்டு நிப்பாரு. கூச்சம்னு நெனச்சோம்.

இந்த வருஷம் நீலோ பெந்தன்கோர் வந்திருந்தாரு. அன்னிக்குக் கூட ஆடின தடுப்பாட்டக்காரர். முப்பது வருஷம் இறைச்சித் தொழிற்சாலையோட குளிர் அறையில வேலை. மூக்குல ஆக்ஸிஜன் குழாய். திங்கக்கிழமை நுரையீரல்ல ஆபரேஷன். "தம்பி, நான் திரும்பி வருவேனோ என்னவோ, அந்த கோலை ஒரு தடவை சொல்லுடா"ன்னாரு.

ஏறினேன். "மூலையிலேர்ந்து பந்து வருது, பனிக்குள்ள குதிக்கிறாங்க..."

"நிறுத்துடா. என் பேரைச் சொல்லாத."

லீபெர் இந்தத் தடவை அடுப்புக்குப் போகல. மேஜையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"நான் குதிச்சேன். எனக்குப் படல. கீழ விழுந்து கிடந்த நீலோ முதுகுல பட்டு உள்ள போச்சு. அது அவன் கோல்."



"என் முதுகுலயா?" நீலோ மூச்சு வாங்கினாரு. "எவனோ மிதிச்சான்னு நெனச்சேன்டா. ரேடியோவுல உன் பேரைத்தானே சொன்னாங்க..."

கிளப் தலைவி மிர்த்தாவுக்குத்தான் கோவம் வந்துச்சு. "நாப்பத்தாறு வருஷமா வாய்ல என்ன, மாத்தே குழலா அடைச்சிருந்துச்சு? அன்னிக்கே சொல்லவேண்டியதுதானே? உன்னை யாரு தடுத்தா?"

லீபெர் அவங்களப் பார்க்கல. நீலோவையே பார்த்துக்கிட்டுச் சொன்னாரு:

"யாரும் தடுக்கல மிர்த்தா. சொல்லணும்னுதான் திரும்பினேன். இவன் சேத்துலேர்ந்து எந்திரிச்சு, மூஞ்சியக்கூடத் தொடைக்காம ஓடி வந்தான். 'போட்டுட்டடா, போட்டுட்டடா'ன்னு அழுதுக்கிட்டே என் கழுத்தக் கட்டிக்கிட்டான். கோல் போட்டவன் இவன். நானும் இவனக் கட்டிக்கிட்டேன்."