அக்கா உதைத்த கதவு

விமான இறக்கையில் தொடங்கி மனுஷ இடுப்பு எலும்பில் முடிந்த வேலை என்னுடையது. ஒரு பொருளின்மேல் எவ்வளவு பாரம் வருகிறது, அது எங்கே வளைகிறது, எங்கே முதலில் உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் பிழைப்பு. இறக்கையை விட்டுவிட்டு ஏன் எலும்புப் பக்கம் வந்தாய் என்று கேட்காத ஆளில்லை. மேலதிகாரியோடு சண்டை போட்டிருப்பான் என்று அவர்களே ஒரு கதையும் கட்டிக்கொள்வார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதால் அந்தக் கதை நன்றாகவே ஓடியது. உண்மையான காரணம் என் அக்கா.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, குறுக்கே தோல் வார்கள், முழங்கால் மடங்காமலிருக்க ஒரு பூட்டு. காலிப்பர் என்று பெயர். அதை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். பத்து வயது வரைக்கும் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார். ஆசிரியர் பயிற்சி முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், காரிமங்கலத்திலிருந்து கம்பைநல்லூர் போகும் வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பாவுக்கு அதில் பாதி மனசுதான்.

“வூட்டுல ஒக்காந்து நாலு பிள்ளைங்களுக்கு டியூஷன் சொல்லிக் குடுத்தா ஆகாதாம்மா?” என்பார்.

“ஆகாதுங்கப்பா” என்பாள்.

காலிப்பர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடையும். முழங்காலுக்குக் கீழே, தோல் வாரைப் பிடிப்பதற்காகப் பட்டையில் துளை போட்டு ரிவிட் ஆணி அடித்திருப்பார்கள். எப்போதும் அந்தத் துளையில்தான் உடையும். காரிமங்கலம் சந்தைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த பாய் வெல்டிங் வைத்துக் கொடுப்பார். ஒட்டு போட்டுப் போட்டுக் காலிப்பர் மேலும் கனத்துக்கொண்டே போனது. சாயங்காலம் அதைக் கழற்றியதும் அக்கா தொடையை அமுக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் அப்போது பெங்களூரில் விமானங்களுக்கு இறக்கை வடிவமைக்கும் அலுவலகத்தில் இருந்தேன். சனிக்கிழமையானால் கிருஷ்ணகிரி வழியாக பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். “ஏரோப்ளேன் இறக்கைக்கே கணக்குப் போடுறேன், இதென்ன பெரிய விஷயம்?” என்று ஒருநாள் துள்ளினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன? அக்காவின் கால் நீளத்தை அளந்தேன், எடை பார்த்தேன். நின்றால் எவ்வளவு பாரம், நடந்தால் எவ்வளவு, பஸ் படி ஏறினால் எவ்வளவு என்று நோட்டில் எழுதினேன். பெங்களூரில் அலுமினியப் பட்டை வாங்கி, புதுக் காலிப்பர் ஒன்றைச் செய்து கொண்டுவந்தேன்.

அக்கா அதை மாட்டிக்கொண்டு வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நிற்கவே இல்லை.

“டேய், காலு மாட்டுன மாதிரியே இல்லடா. பஞ்சு மாதிரி இருக்கு!” என்று சிரித்தாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம் நான் வந்தபோது அவள் கையில் மாவுக்கட்டு இருந்தது. காலிப்பர் பள்ளிக்கூடத்து வாசலில் உடைந்து, அவள் படியில் விழுந்து, மணிக்கட்டு முறிந்திருந்தது. உடைந்த துண்டுகளை அப்பா ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அதை என் முன்னால் கொட்டினார். அதே துளை.

“இது நீ செஞ்சதுதான?”

“ஆமாங்கப்பா.”

“இனிமே அவ வேலைக்குப் போக வேணாம். லெட்டர் எழுதிக் குடுத்துரச் சொல்லு. பொண்ணு முழுசா இருந்தாப் போதும் எனக்கு.”

உள்ளே போனேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விழுந்தபோதுகூட அழாதவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கொன்று போட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி எங்கே போகும்? நோட்டை எடுத்து நீட்டிக்கொண்டு அவளிடமே கத்தினேன்.

“எப்படித்தான் ஒடஞ்சுது? பஸ் படி ஏறினாக்கூட இது தாங்கணும். கணக்குல தப்பே இல்ல!”

அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“காலு நீளத்த அளந்த. எடைய அளந்த. நாள் முழுக்க நான் என்னா பண்றேன்னு ஒரு வார்த்த கேட்டியாடா நீ?”

“சரி, சொல்லு. என்னா பண்ற?”

அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, “கதவ ஒதைப்பேன்” என்றாள்.

பள்ளிக்கூடத்துக் கதவு கீல் தொங்கிப்போய்த் தரையோடு சிக்கிக்கொள்ளுமாம். காலையில் முதலில் போகிறவள் இவள், சாவியும் இவளிடம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் நின்று, இடுப்பைச் சுழற்றி இரும்புக் காலால் பக்கவாட்டில் ஒன்று விடுவாளாம். கதவு திறந்துகொள்ளும். தினமும். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. மாவுக்கட்டு ஆட ஆடச் சிரித்தாள்.

“அப்பாகிட்ட சொல்லிறாதடா. இந்தக் காலப் பாத்தாலே கண்ணு கலங்குற மனுஷன்.”

“நாளைக்கே போயி அந்தக் கதவச் சரி பண்ணிடுறேன்” என்றேன்.

“பண்ணு. அப்படியே ஊர்ல இருக்குற எல்லாக் கதவயும் பண்ணிட்டு வா. ஒதைச்சாலும் ஒடையாத காலு ஒண்ணு செய்யத் துப்பிருக்கா, அதச் சொல்லு.”

சுருக்கென்று இருந்தது. அந்தக் கால் பாவம், அதைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். என் நோட்டிலும் அது நிற்கிற கால், நடக்கிற கால், அவ்வளவுதான். அது உதைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிற்பாடு செயற்கை மூட்டு, செயற்கைக் கால் என்று நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம், காலைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த மனுஷரோடு ஒரு முழுநாள் இருந்துவிட்டு வருவேன். ஒரு பெரியவர் காலையில் எருமைக்குத் தண்ணீர் காட்டுவார். ஓர் அம்மா உரலை முழங்காலால் முட்டுக்கொடுத்து மாவாட்டுவார். நாள் வீணாகிறது என்று அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்பாவிடம் கெஞ்சினேன். கை கூடும்வரை லீவு போடட்டும், அதற்குள் வேறு காலிப்பர் செய்கிறேன் என்றேன்.

“அதுவும் ஒடஞ்சா?”

“அவ ராஜினாமா லெட்டர நானே எழுதித் தரேங்கப்பா.”

பெங்களூர் திரும்பியதும், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அந்த உதையைத்தான் கணக்குப் போட்டேன். ஒரே ஒரு உதையைத் தாங்குவது பெரிய காரியமில்லை. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எப்படி ஒரு கட்டத்தில் பட்டென்று போகிறதோ, அப்படித்தான் எந்த உலோகமும். இறக்கையும் அப்படித்தான். தினமும் வாங்குகிற அடி, துளையோரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கீறலாகத் தொடங்கும். எனவே துளையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாரைப் பட்டையைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற மாதிரி வைத்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் இரும்பு, மேலே அலுமினியம் என்று வரைந்தேன். பாய் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகச் செய்தோம்.

“ஓட்ட போட்ட எடத்துல ஒடையும்னு நான் எத்தன தடவ சொன்னேன் தம்பி. நீங்க படிச்சவங்க, எங்க கேக்குறீங்க?” என்று பாய் அரம் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

மறுபடி வேலைக்குப் போகிற அன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவராகவே கிளம்பிவிட்டார். நானும் லீவு போட்டு வந்திருந்தேன். அக்கா பஸ் படி ஏறும்போது அப்பாவின் இரண்டு கைகளும் அவள் முதுகுக்குப் பின்னால், தொடாமல், விரிந்தே இருந்தன. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அக்கா பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. என்னைப் பார்த்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் தள்ளுறேன், நீ ஒதுங்கிக்கம்மா” என்று அப்பா முன்னால் வந்தார்.

“அய்யோ, டீச்சரு ஒதைச்சாத்தான் தொறக்கும் தாத்தா!” என்று ஒரு வாண்டு கத்திவிட்டது.

போச்சு என்று நினைத்தேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். இடுப்பைச் சுழற்றி ஒன்று விட்டாள். படாரென்று கதவு உள்ளே போய்ச் சுவரில் மோதி நின்றது. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் குனிந்து பட்டையை நகத்தால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கீறல் இல்லை.

 அப்பா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தலை குனிந்து திட்டுக்குக் காத்திருந்தாள். அவர் மெதுவாகப் படியேறிப்போய்க் கதவை இழுத்தார். அது தரையில் உரசிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரியாப் பாக்கல நானு. இன்னொருக்கா ஒதைம்மா” என்றார்.