குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

இன்றைக்குக் காலையில் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் செல்போனைத் தராசில் சாய்த்து வைத்து ஒரு ஜெபத்தை ஓடவிட்டிருந்தார். யாரோ ஒரு போதகர், நல்ல கணீர்க் குரல், பின்னால் கீபோர்டு வேறு. ‘இந்தக் காலை வேளையிலே’ என்று அவர் ஆரம்பித்ததும் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். எந்தக் காலை, யாருடைய காலை என்று கடைக்காரரிடம் கேட்கவா முடியும்? பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் வேதக்காரன் இல்லை. செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊர், எங்களுக்கு அய்யனாரும் கருப்பசாமியும்தான். ஆனாலும் ஒரு போதகர் கடவுளோடு தனியாக எப்படிப் பேசுவார் என்பது அவருடைய சபைக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இதில் என் பக்திக்கு எந்தப் பங்கும் கிடையாது. எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் புண்ணியம்.

நாகமலை புதுக்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போன புதிது. பழைய குடோன் ஒன்றைக் குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து, பெரிய பாகத்தை ஒரு சின்னச் சபைக்கும், மூலையில் இருந்த பொந்தை எனக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் யார் பேசினாலும் என் தலையணையில் வந்து விழும்.

விடிகாலையில் முதலில் சுக்குக்காப்பி வாசனை வரும். பின்னாலேயே பாஸ்டர் ஞானராஜின் குரல் வரும். முன்னால் மில்லில் வேலை பார்த்தவர், ஒல்லியான மனுசன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர் பேசுவது ஒரு தமிழ். விடிகாலையில் யாருமில்லாத குடோனில் அவர் பேசியது வேறு தமிழ். ‘நேத்துக் கேட்டேனே, அது என்னாச்சு?’ என்று ரேசன் கடையில் நிற்கிற மாதிரி சண்டை பிடிப்பார். ‘பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுந்துட்டேன் ஆண்டவரே, தப்புதான்’ என்பார். சில நாள் ஒன்றுமே பேசமாட்டார், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வரும். நானோ போர்வையை இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டு, ‘இந்த மனுசனுக்குத் தூக்கமே வராதா’ என்று திட்டிக்கொண்டு கிடப்பேன். என் பக்தி அம்புட்டுத்தான்.

அந்த ஜெபத்தில் ஒரு பெயர் தவறாமல் வரும், முத்துப்பாண்டி. ‘முத்துப்பாண்டிய இன்னைக்கும் கேக்குறேன். நீர் தர்ற வரைக்கும் கேப்பேன். நான் விடமாட்டேன்.’

முத்துப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். குடிக்காத நேரத்தில் தங்கமான ஆள். குடிக்காத நேரம்தான் குறைவு. போனைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். ‘மாப்ள, எம்பொண்டாட்டி என்னைய வேதத்துல சேக்காம ஓயமாட்டா போல’ என்று சிரிப்பார். அவர் மனைவி செல்வராணி அக்கா ஹாஸ்டல் ஒன்றில் சப்பாத்தி போடுகிற வேலை பார்த்தார், அந்தச் சபைக்குப் போகிறவர். ஒருநாள் என்னிடம் சொன்னார்: ‘எனக்கு ஜெபம் பண்ண வாய் வராது தம்பி. உக்காந்தா அழுகதான் வருது. அதான் அவரப் பாஸ்டர் கையில குடுத்துட்டேன். அவரு தெனமும் பேரச் சொல்லிக் கேக்குறாரு, எனக்கு அது போதும்.’

உண்மைதான் என்று முத்துப்பாண்டியிடம் நான்தான் சொன்னேன். ‘அண்ணே, காலங்காத்தால ஒங்க பேரக் கேட்டுத்தான் நான் முழிக்கிறேன்.’ அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ‘நெசமாவாடா? எம்பேரயா?’ என்று கேட்டுவிட்டு, கழற்றிப் போட்ட தன் போனையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி ஆவணி வாக்கில் அவர் குடியை விட்டிருந்தார். செல்வராணி அக்கா முகத்தில் அப்போதுதான் சதை பிடித்தது.

அதே சமயத்தில் சபையும் பெருத்தது. சபை வாலிபர்கள் பாஸ்டருக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தினமும் காலையில் ஒரு ஜெபத்தை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பலாமே! அது பிடித்துக்கொண்டது. துபாயில் இருந்தெல்லாம் ‘ஆமென்’ வந்தது. தேனி, உசிலம்பட்டி என்று கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். பாஸ்டருக்கு உட்கார நேரமில்லை. திங்கட்கிழமை மத்தியானம் வாரம் முழுமைக்கும் உள்ள ஜெபங்களை ஒரே மூச்சில் பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துவிடுவார். வாலிபர்கள் தினம் ஒன்றாக அனுப்பிவிடுவார்கள். அதில் பிரசங்கத் தமிழ்தான் இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நன்றாக விடிந்த பிறகு எழுந்தேன். கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் குரல் அமுங்கியிருக்கும் என்று நினைத்தேன். மழை விட்டது. அன்றைக்கும் அடுத்தடுத்த நாளும் குரல் வரவில்லை. சுக்குக்காப்பி வாசனையும் இல்லை. பாஸ்டர் தெருவில் எதிர்ப்பட்டபோது, ‘என்ன தம்பி, இப்பல்லாம் நிம்மதியாத் தூங்குறீங்களா?’ என்றார். ‘சொகமாத் தூங்குறேன் பாஸ்டர்’ என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கார்த்திகையில் முத்துப்பாண்டி மறுபடியும் குடிக்க ஆரம்பித்தார். மார்கழியில் ஒரு சாயங்காலம், நாலுவழிச் சாலையில் துவரிமான் பக்கம் அவருடைய லோடு ஆட்டோ கவிழ்ந்தது. தகவல் வந்து நாங்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

காலையில்தான் உடலை அறுத்துத் தருவோம் என்றார்கள். பிணவறைக்கு வெளியே செல்வராணி அக்காவும் சபைப் பெண்கள் நாலைந்து பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் வருகிற நேரத்தில், தேனிக் கூட்டத்துக்குப் போயிருந்த பாஸ்டர் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். நேராக அக்காவுக்கு எதிரே வந்து நின்றார். அப்போது அந்தப் பெண்களின் போன்கள் எல்லாம் ஒன்று போல டிங்கென்று அடித்தன. ஒரு பெரியம்மா தினமும் பண்ணுகிற பழக்கத்தில், என்ன ஏது என்று யோசிக்காமல் அதை அமுக்கிவிட்டார்.

பாஸ்டரின் குரல். ‘கர்த்தாவே, கடந்த இராத்திரி முழுவதும் எங்கள் சபைக் குடும்பங்களைக் கண்மணிபோலக் காத்தீரே! ஒரு சேதமும் அணுகாமல், ஒருவரும் குறைந்துபோகாமல் இந்தக் காலையைக் காணச் செய்தீரே, ஸ்தோத்திரம்!’

பாஸ்டர் வாயை மூடிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். குரல் மட்டும் தரையில் கிடந்து பேசுகிறது. அட கடவுளே, அதை நிறுத்தக்கூட அந்தப் பெரியம்மாவுக்குக் கை ஓடவில்லை. நான்தான் பிடுங்கி அணைத்தேன்.

செல்வராணி அக்கா அழுகையை நிறுத்திவிட்டார். ‘பாஸ்டர், இது எப்பப் பண்ணுன ஜெபம்?’

‘திங்கக்கெழமம்மா.’

‘அப்ப அவருக்கு எப்பப் பண்ணுனீங்க?’

பாஸ்டர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். ‘தம்பி, நீ பக்கத்து ரூம்ல தான இருக்க. ஒனக்குக் கேக்கும்ல. நீ சொல்லு.’

நான் போனைப் பெரியம்மா மடியில் வைக்கக் குனிந்தேன். நல்லவேளை, இல்லை கெட்டவேளை, பாஸ்டரே சொன்னார்: ‘அவனக் கேக்காதம்மா. நான் பண்ணல. அவருக்கு மட்டுமில்ல, யாருக்கும் பண்ணல. நான் ஆண்டவர்கிட்டத் தனியாப் பேசியே ரொம்ப நாளாச்சு.’

அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஏசியிருந்தால் பாஸ்டர் பிழைத்திருப்பார் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

உடலை முத்துப்பாண்டியின் பங்காளிகள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். பாஸ்டரும் அந்த ஊர்த் தெருமுனை வரை வந்தார். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் விடிகாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். ‘ஆண்டவரே’ என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு விடிகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்பப்பா, பழைய சண்டையே தேவலாம் என்று இருந்தது எனக்கு. தை முடிவதற்குள் சபைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். திருப்பூரில் ஏதோ கம்பெனியில் காவலுக்கு இருக்கிறார் என்றார்கள். ஆளைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

குடோனும் இப்போது இல்லை. இடித்துவிட்டு அந்த இடத்தில் கார் கழுவுகிற ஷெட் போட்டிருக்கிறார்கள். அதன் எதிரில் உள்ள பஸ் ஸ்டாப்பில் போன மாசம் செல்வராணி அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. எந்தச் சபைக்கும் போவதில்லையாம், கோயிலுக்கும் போவதில்லையாம். கொஞ்ச நேரம் பிள்ளைகள், வேலை என்று பேசிவிட்டுத் திடீரென்று கேட்டார்.

‘தம்பி, பாஸ்டர் மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். எப்ப இருந்து அவரு ஜெபத்த நிப்பாட்டுனாரு? எம்புருசன் மறுபடி குடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?’

அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் மிச்சம். குரல் நின்றது ஐப்பசியில், முத்துப்பாண்டி மறுபடி குடித்தது கார்த்திகையில்.

‘பின்னாடிதான்க்கா’ என்றேன்.