துத்தநாகத்துக்கு அளித்த ஓய்வு

எந்தையார் காஞ்சிபுரத்தில் வாடகை மகிழுந்து ஒன்று வைத்திருந்தார். திருமணப் பட்டு எடுக்க வருவோரை அதில் ஏற்றிச் செல்பவர் என் தாய்மாமன். எங்கள் வீட்டிலேயே உண்டு உறங்கியவர். ஆதலால் வண்டி எங்கே நின்றாலும் பழி அவரையே சேரும்.

“இன்னொரு வாட்டி நடுவழில நின்னுதுன்னா, சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு” என்று தந்தையார் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றுமுதல் அம்மா, வண்டி திரும்பும் ஒலி கேட்கும்வரை உண்பதில்லை.

வண்டியின் ரேடியேட்டர் பித்தளை, இயந்திரம் இரும்பு, இடையிலிருந்த குழாய் அலுமினியம். மூன்றும் ஒரே நீரில் நனைவதால் அலுமினியம் அரிபடும். அதைத் தடுக்க மாமா, உப்புக் கிணற்றை விலக்கி மழைநீரையே ஊற்றுவார். ரேடியேட்டரின் வாய்க்குள் துத்தநாகத் துண்டொன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது அம்மைத் தழும்பு கண்ட முகம்போல் இருந்தது.

“பாவம் மாமா இது.”

“அத்த அரிக்கிற வரைக்கும் கொழாய அரிக்காதும்மா. அது பாட்டுக்குக் கரைஞ்சிக்கினு கெடக்கட்டும்.”

ஆயுத பூசை வந்தது. தறியில் ஓடும் நாடா, கத்தரி, திருப்புளி எல்லாம் அன்று ஓய்வு கொள்ளும். துத்தநாகத்துக்கு மட்டும் ஓய்வில்லையா? மாமா குளிக்கச் சென்ற வேளையில் வண்டியின் முன்தடுப்பில் ஏறி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, துண்டின் முடிச்சவிழ்த்து, அதைப் புளியிட்டுத் துலக்கிச் சந்தனம் வைத்துப் படைத்தேன். பூசை முடிந்தபின் திருப்பித்தர மனம் வரவில்லை. சரிகைத் துணுக்குகள் சேர்த்த என் பெட்டியில் ஒளித்துக்கொண்டேன். கம்பி மட்டும் நீருக்குள் தொங்கியது. நாள்தோறும் நீர் பார்த்த மாமாவுக்கு ஐயம் எழவில்லை.

தை மாதத்தில், பெண்வீட்டார் ஐவருடன் வண்டி ஐயம்பேட்டையருகே ஆவி கக்கி நின்றது. இழுத்துவந்து பிரித்தபோது அலுமினியக் குழாய் சல்லடையாகியிருந்தது. மாமா கம்பியை வெளியே எடுத்தார். வெறும் முனையைப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“துண்டு எங்கடா?” என்றார் தந்தையார்.

“நான்தான் கட்ட மறந்துட்டேன்” என்றார் மாமா.

சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, அன்று மாலையே லாரி ஓட்டும் வேலை தேடி வடக்கே புறப்பட்டார். சில கடிதங்கள் வந்தன, அவர் வரவேயில்லை. அத்துண்டு இன்றும் என்னிடம் இருக்கிறது, அன்றைக்குப்பின் ஒரு புள்ளியும் தேயாமல்.

மறுநாள்முதல் புதிய ஓட்டுநர் வந்தார். அம்மா வேளை தவறாமல் உண்ணத் தொடங்கினார். கவலை நீங்கிவிட்டது என்றே நான் நினைத்தேன்.