குழாயின் வாயில் ஒரு பொட்டு

அன்று காலை கல்லூரி மொட்டை மாடியில் என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் இருந்தார், ஜூனியர் இருந்தான், நான் இருந்தேன். அப்பா இல்லை. கல்லூரி இருக்கும் வேலப்பன்சாவடிக்கு, எங்கள் வீடும் அப்பாவின் கம்பெனியும் இருக்கும் அம்பத்தூரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போதும். "அங்க வந்து நான் இன்னாடா பண்ணப் போறேன், ஷிப்ட் கீது" என்று லேத் ஓட்டப் போய்விட்டார்.

பலூனில் அனுப்பவேண்டியவை இரண்டு கருவிகள். இரண்டுமே மேல்காற்றில் நீராவி எவ்வளவு என்று அளப்பவை. ஒன்று சின்னச் சில்லு. விலை குறைவு, எல்லோரும் அனுப்புவது. ஆனால் மேலே போகப்போக அது சொல்வதை நம்பலாமா என்பது சந்தேகம். இன்னொன்று கண்ணாடிக் கருவி. உள்ளே இருக்கும் குட்டிக் கண்ணாடியைக் குளிரவைத்துக்கொண்டே போகும். எந்தக் குளிரில் அதில் பனி படிகிறதோ, அதை வைத்து ஈரத்தைக் கணக்கிடும். எங்களிடம் அது ஒன்றுதான். இரண்டையும் ஒரே பலூனில் ஏற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் ஆய்வின் கடைசி அத்தியாயம். அது முடியாமல் பட்டம் கிடையாது.

அப்பாவிடம் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். "ரெண்டு வெர்னியர் வெச்சு ஒரே ஜாப்ப அளக்குற. எது பொய் சொல்லுதுன்னு பாக்கணும். அதானே நைனா?" பள்ளிக்கூடம் போகாதவர். எண் படிப்பார், எழுத்து வராது. அவர் ஒருமுறை மாடிக்கு வந்து நின்றால் போதும் என்று எனக்கு நான்கு வருட ஆசை.

ஆயுத பூஜை விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் கண்ணாடிக் கருவியை வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். பாலித்தீன் உறைக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு கட்டி வைத்திருந்தேன். கையுறை இல்லாமல் நானே அதைத் தொடமாட்டேன்.

மாடியில் உறையைப் பிரித்தபோது, காற்று நுழையும் குழாயின் வாயில் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரம்கூடக் காயவில்லை. அப்பா அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வைத்துவிட்டு, உறையைப் பத்திரமாகத் திரும்பக் கட்டியும் இருக்கிறார். எந்த மெஷினாக இருந்தாலும் முகம் எது என்று பார்த்துத்தான் பொட்டு வைப்பார். இதற்கு முகம் எது என்று திருப்பித் திருப்பித் தேடியிருப்பார்.

பையில் மாற்றுக் குழாய் இருந்தது. மாற்ற மூன்று நிமிடம். பலூன் விட விமான நிலையம் கொடுத்த நேரத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் மாற்றவில்லை. வராதவர் ஒரு விரல் அளவுக்காவது வந்திருக்கிறார் என்று தோன்றிவிட்டது. இத்தனூண்டு ஈரம் என்ன செய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஜூனியர் பார்த்துவிட்டான். "இன்னாண்ணே, எலுமிச்சம்பழம் கட்டலையா?"

"வாய மூடிக்கினு கயித்தப் புடி."

மேடம் மூன்று எண்ணினார். பலூன் பூந்தமல்லிப் பக்கம் சாய்ந்து ஏறியது. நான் அம்பத்தூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு கிலோமீட்டர் வரை இரண்டு கோடுகளும் திரையில் ஒட்டிக்கொண்டே போயின. பிறகு கண்ணாடிக் கருவியின் கோடு விலகியது. பத்து லட்சத்தில் நான்கைந்து பங்கு நீராவி இருக்கவேண்டிய உயரத்தில் நாற்பது என்றது, ஐம்பது என்றது. அது பொய் சொல்லவில்லை. தன் வாயில் இருந்த ஈரத்தைத்தான் ஒழுங்காக அளந்துகொண்டிருந்தது.

மேடத்திடம் சொன்னேன். "துடைக்கணும்னு தோணலையா?" என்றார்.

"தோணிச்சு மேடம்."

அவர் திட்டியிருக்கலாம். மறுபடி பறக்கவிட வேறு பணம் இல்லை. நான் கருத்தரங்குக்குப் போக ஒதுக்கியிருந்ததை எடுத்துக்கொண்டோம். காஞ்சிபுரம் பக்கம் ஒரு வயலில் விழுந்த கண்ணாடிக் கருவி பிழைத்தது. சில்லு நொறுங்கிவிட்டது.

"நல்லா ஏறிச்சா?" என்று அப்பா கேட்டார்.

"காத்து சரியில்லப்பா. இன்னொரு வாட்டி விடணும். இந்த வாட்டி வாயேன்."

"பாக்கலாம்."

வரவில்லை. இரண்டாவது பலூன் விட்ட அன்று குழாயின் வாய் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. தேவைக்கு மேலேயே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே போனதும் சில்லு ஈரத்தைக் குறைத்துச் சொல்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அத்தியாயம் முடிந்தது.

பைண்டு செய்த ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா சோப்பு போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு வாங்கினார். அட்டவணைகளில் எண்களின்மேல் விரல் ஓட்டினார்.

"இதுல நான் எங்கனா கீறேனா?"

நன்றிப் பக்கத்தைக் காட்டினேன். "இங்க கீறப்பா."

"அது எல்லாரும் போடுறது. உள்ள?"

எத்தனையோ சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒதுக்கித் தள்ளிய முதல் பறப்பின் படத்தைப் பிரித்து, விலகிப் போகும் கோட்டைக் காட்டினேன். "இது நீதான்ப்பா." சந்தனத்தைச் சொன்னேன். மாற்றுக் குழாய் என் பையிலேயே இருந்ததையும் சொன்னேன்.

அப்பா அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்து, அது முடியும் இடம்வரை போனார்.

"ரிஜெக்ட் ஆன ஜாப்புக்குக் கூலில புடிக்கிற ரேட்டுன்னு ஒண்ணு கீதுல்ல? எவ்ளோ ஆச்சு?"

"வுடுப்பா."

"சொல்றா."

பலூன், அதில் அடைக்கும் காஸ், புதுச் சில்லு, எல்லாம் சேர்த்து அறுபத்தோராயிரத்து நானூறு ரூபாய் என்றேன்.