ஒரு பட்டை மட்டும் கறுப்பு

தம்பி நம்மை விட்டுப் போய் இந்த மார்கழியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு முதல் கட்டுரையை மூத்தவன் நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் என் மகன் படித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, சித்தப்பாவை 'அவர்'னு எழுதுங்க, அதுதான் மரியாதை" என்றான். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை அவர் என்று எழுத எனக்கு வரவில்லை. தம்பி என்றும் அவன் என்றும்தான் எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சிலவற்றையும் நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

திருவையாற்றுக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் ஒரு கீற்று வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா நடவுக்குப் போய் எங்களுக்குச் சோறு போட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, கால் எட்டியதும் டிராக்டரில் ஏறினேன். இன்று இந்த வட்டாரத்தில் குறுவையானாலும் தாளடியானாலும் என் அறுவடை மிஷின் இறங்காத வயல் குறைவு. ஒருவர் சிபாரிசு கிடையாது; எல்லாம் இந்தக் கையால் வந்தது. தம்பியைப் படிக்க வைத்தேன், படிப்பு ஏறவில்லை. தஞ்சாவூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் சேர்த்துவிட்டேன், தொழில் ஏறியது. கும்பகோணம் சாலையில் அவனுக்குச் சொந்தப் பட்டறை வைத்துக் கொடுத்ததும் நான்தான். இதை அவனே எல்லோரிடமும் சொல்வான்.

ஒடுக்கு எடுப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் செய்தாலும் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காரின் கறுப்பு பிளாஸ்டிக்தான். பழைய கார்களில் பம்பர், கதவுப் பட்டை, பக்கக் கண்ணாடியின் கூடு எல்லாம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். தம்பி அதை 'நரை' என்பான். வேதாரண்யத்திலிருந்துகூட உப்புக்காற்றில் நரைத்த வண்டிகள் அவனைத் தேடி வரும். மற்ற இடங்களில் கறுப்பு எண்ணெய் மாதிரி எதையோ தடவிப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். ஒரு மழைக்குத் தாங்காது. தம்பி முதலில் சோப்பு போட்டுத் தேய்ப்பான். இடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய பாலிஷ் கறையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுப்பான். ஈரம் போனதும் பெயிண்ட் ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னைக் கையில் எடுப்பான். கை ஓரிடத்தில் நின்றால் பிளாஸ்டிக் உருகிவிடும். வேகமாய்ப் போனால் கறுப்பு வராது. அவன் கை நகர நகர, சாம்பலுக்குள்ளிருந்து கறுப்பு எழுந்து வரும். கையிலிருக்கும் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் ஒரு பூச்சு, ஒரு நாள் நிழல்.

"எண்ணெய் தடவுறது டை அடிக்கிற மாதிரிண்ணே. இது அதோட சொந்தக் கறுப்பு, உள்ளேருந்து வருது" என்பான்.

"யாரைடா சொல்றே?" என்று நான் என் மீசையைத் தடவுவேன்.

"காரைச் சொன்னேண்ணே" என்பான்.

எங்கள் தெருவில் முதன்முதலில் கார் வாங்கியவன் நான். வெள்ளைக் கார். இப்போது பழசாகிவிட்டது. புதிது வாங்க வக்கில்லாமல் அல்ல, பிடித்துப்போய் வைத்திருக்கிறேன். அதில் நரை விழாமல் பார்த்துக்கொண்டது தம்பி.

போன வருஷம் ஐப்பசியில் என் கடைசி மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் திருப்பனந்தாள். சம்பந்தியை என் காரில் நானே போய் அழைத்துவர வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். தம்பியிடம் சொன்னேன்.

"விடுங்கண்ணே, மாப்பிள்ளை மாதிரி கொண்டாந்து நிறுத்துறேன்" என்றான்.

கார் வந்து நின்றது. கறுப்பு மின்னியது. வழியெல்லாம் சம்பந்தியிடம் தம்பியின் கைவேலையைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தேன். மண்டபத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இறங்குகிற அவசரத்தில் சம்பந்தி பின்கதவில் சாய்ந்துவிட்டார். அவருடைய பட்டு வேட்டியில் தொடையிலிருந்து முழங்கால் வரை கரியால் இழுத்த மாதிரி ஒரு கோடு. திரும்பிப் பார்த்தால், வெள்ளை பெயிண்டில் கறுப்பு வழிந்துகொண்டிருக்கிறது.

"என்ன சம்பந்தி, காருக்கும் டை அடிப்பீங்களா?" என்றார்.

'காருக்கு' என்று சொல்லவில்லை. 'காருக்கும்' என்றார். மண்டபமே சிரித்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். தம்பி ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஊரான் வண்டிக்கு ஒரு வேலை, அண்ணன் வண்டிக்கு ஒரு வேலையாடா? தடவிக் குடுத்திருக்கியேடா!"

"மழை வரும்னு நினைக்கலண்ணே."

"ஐப்பசியில மழை வராம கத்திரி வெயிலா அடிக்கும்?"

அவன் சிரித்தான். "இன்னும் நல்லாத் திட்டுங்கண்ணே" என்றான்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது. வண்டி விட வந்தவர்கள் முன்னாலேயே ஏசிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மார்கழியில் தம்பி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல்தான் வீட்டுக்கு வந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி மனைவி என் எதிரே வந்து நின்றார். "மாமா, உங்ககிட்ட மறைச்சிட்டோம்" என்றார்.

தம்பிக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சூட்டிலும் புகையிலும் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏன்டா இளைத்துப் போனாய் என்று நான் கேட்டபோது, "சுகர்ண்ணே, சோத்தைக் குறைச்சிருக்கேன்" என்றான்; நம்பினேன். என் மகன் அடிக்கடி என் காரை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனான். கேட்டால், "வீல் அலைன்மென்ட் பார்க்கணும்ப்பா" என்பான். சாவியை நானே எடுத்து நீட்டினேன். என்னைப் போல் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவன் யார் என்று மிஷின் ஷெட்டில் பெருமை வேறு பேசினேன். வண்டி போனது ஆஸ்பத்திரிக்கு. என் மனைவிக்கும் தெரியும்; கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பட்டறைப் பக்கத்து டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஊரில் ஒரு பம்புசெட் ஓடாவிட்டால் ஆள் வந்து என்னிடம் சொல்லும். என் தம்பிக்கு மூச்சு ஓடாததை ஒருவரும் சொல்லவில்லை.

"ஏம்மா, நான் ஒருத்தன்தான் அந்நியனா?" என்று கேட்டேன்.

"அவங்கதான் சத்தியம் வாங்கிட்டாங்க மாமா. 'எல்லாரும் என்னைப் பாவமாப் பாக்குறீங்க. அண்ணன் ஒருத்தர்தான் நல்லா இருக்கிறவனைத் திட்டுற மாதிரி திட்டுறாரு. அது ஒண்ணாவது இருக்கட்டும்'னாங்க."

கேட்டவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. இது ஒரு காரணமா? சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டேனா? திட்டுவதற்கு மட்டும் அண்ணன் வேண்டும், தூக்குவதற்கு வேண்டாமா? தம்பி என்னை ஏமாற்றினான். நீங்கள் எல்லோரும் அவனுக்குத் துணை நின்றீர்கள். வீட்டுக்குள் இதைப் பேசினால் 'விடுங்க, போனது போச்சு' என்கிறீர்கள். அதனால்தான் அச்சில் சொல்கிறேன்.

கார் விஷயமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், யார் தடுத்தும் கேட்காமல், தம்பி ஹீட் கன்னைக் கையில் எடுத்திருக்கிறான். ஓட்டுகிறவர் பக்கத்து முன்கதவுப் பட்டையை முடித்ததும் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். மீதியை எண்ணெய் தடவி நிறுத்தியது என் மகன். நான் பட்டறையில் கத்தியபோது தம்பி அதையும் சொல்லாமல் தானே வாங்கிக்கொண்டான்.

தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாற்றி மாற்றி உடனிருந்த உறவினர்களுக்கும், காரியத்துக்கு வந்து தோள்கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், வேட்டியை மறந்து முதல் ஆளாக மாலையோடு வந்த சம்பந்திக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். வண்டி கொடுத்து உதவியவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அது நான்தான். தெரியாமல் கொடுத்தேன். நன்றியில் குறையில்லை. மனசுதான் ஆறவில்லை.

கார் என் வாசலில் நிற்கிறது. இந்த மழைக்காலம் முழுக்க நனைந்தும் அந்த ஒரு பட்டை மட்டும் கறுப்பாக இருக்கிறது. மற்றதெல்லாம் நரைத்துவிட்டது. "மத்ததையும் சரி பண்ணிடலாமேப்பா" என்று மகன் கேட்டான். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நினைவு நாளுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அந்தக் கறுப்பு என் தம்பி செய்தது. மற்றதெல்லாம் நீங்கள் சேர்ந்து செய்தது.

— அண்ணன்